இழை கிடந்த பக்கங்கள்

"சரிங்க சார்" என்று சொல்லிப் போனைக் கீழே வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பது சண்முகக்கனிக்கு உறைத்தது. மத்தியானம் இரண்டு மணி. தொட்டிலில் பத்து மாதப் பிள்ளை அமுதினி அப்போதுதான் கண் அசந்திருந்தாள். அவள் எழுந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரிங்க சார், சரிங்க சார் என்றே சொல்லியிருந்தாள், பிள்ளை முழித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள், பெரிய மனுஷர்களிடம் அவளுக்கு வேறு வார்த்தை வராது. பேசியவர் ஜெயசீலன் சார், கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர், அவள் புருஷன் பூபாலனோடு ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து புத்தகம் பேசியவர். "மதினி, வேற ஒண்ணும் வேண்டாம், அவன்ட்ட இருக்கிற பின்நவீனத்துவப் புத்தகங்களை மட்டும் தனியா எடுத்து வச்சிருங்க, நாலு மணிக்கு ஆட்டோவோட வந்துர்றேன். எங்க காலேஜ் லைப்ரரியில அவன் பேர்ல ஒரு அலமாரி வைக்கிறோம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லாத்தையும் மேசையில பரப்பி வைக்கணும். பஞ்சாலையில ஷிப்ட் பார்த்துக்கிட்டே பின்நவீனத்துவத்தைக் கரைச்சுக் குடிச்சவன்னு ஊரே தெரிஞ்சுக்கணும் மதினி" என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அந்தக் குரலிடம் எனக்கு அது இன்னதென்று தெரியாது சார் என்று எப்படிச் சொல்வது. பூபாலன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இன்றோடு நாற்பத்தியோரு நாள். நாளைக் காலையில் அண்ணன் வண்டியோடு வந்து அவளையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிப்போகிறான். கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம், அதற்குமேல் வண்டியில் இடமில்லை, புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுவிடு என்று முந்தாநாளே சொல்லிவிட்டான். அப்படியானால் ஜெயசீலன் சார் எடுத்துப்போகிறது தவிர மற்றதெல்லாம் கூழாகிவிடும். எது மிஞ்சுவது எது கூழாவது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் ஆறாம் வகுப்போடு நின்ற சண்முகக்கனி. இரண்டு மணி நேரம் இருக்கிறது. முந்நூறு புத்தகமாவது இருக்கும்.

சுவரோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பின்நவீனத்துவம். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாலே பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆறாம் வகுப்பில் இப்படித்தான், நீளமான வார்த்தை வந்தால் நடுவில் நின்றுவிடுவாள், பின்பெஞ்சுக்காரிகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் நல்லதாயிற்று என்று வீட்டோடு இருந்துவிட்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதை நல்லது என்று நினைத்தவள். அந்தப் பாவம்தானோ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது தோன்றியது, சேச்சே, அதற்கும் இதற்கும் என்ன. அட்டையைப் பார்த்தாள். இதில் ஒரு மூஞ்சி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கதவு. இது அதுவாக இருக்கலாம். இதில் ஒரு மாடு, நல்ல மாடு, இது இருக்காது. இதில் படமே இல்லை, வெறும் கறுப்பு. வெறும் கறுப்பை என்னவென்று எடுத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த முன்னறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசுவார்கள், அவள் அடுப்படியில் டீ போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள், வெளியே வரமாட்டாள், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் இருந்தே தட்டை நீட்டுவாள், பூபாலன் வாங்கிக்கொள்வான். ஒருநாள் ஜெயசீலன் சார் உரக்க, "எழுதினவன் செத்துட்டான் பூபாலா, அதை முதல்ல ஒத்துக்க" என்றார். பூபாலனும், "செத்து ரொம்ப நாளாச்சு சார்" என்றான். அவர்கள் போன பிறகு அவள் மெதுவாக வந்து, யாருங்க செத்தது, நாம போய் ஒரு மாலை போட்டுட்டு வர வேண்டாமா என்று கேட்டாள். பூபாலன் சிரித்த சிரிப்பு. தரையில் படுத்து உருண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. நிஜமா யாரும் சாகல கனி, எழுதி முடிச்சுட்டா அப்புறம் அவனுக்கு அதுல வேலை இல்லை, படிக்கிறவன் பாடு, அப்படி ஒரு கணக்கு, என்றான். அப்போது புரிந்த மாதிரி தலையாட்டினாள். இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. எழுதினவனெல்லாம் எங்கேயோ சட்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான். படிக்கிறவன்தானே செத்தான். அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களா அவர்கள்?

மூக்கு இருக்கும் இடத்தில் கதவு உள்ளதை ஓரமாக வைத்தாள், பிறகு திரும்ப எடுத்தாள். வேறு என்னென்ன சொல்வார்கள். கதை நேராகப் போகாது, முன்னே பின்னே போகும். முடிவு என்று ஒன்று இருக்காது. துண்டு துண்டாகக் கிடக்கும். இதையெல்லாம் பூபாலன் கையை வீசி வீசிச் சொல்வான், வீசும்போது முழங்கைக்கு மேலே பஞ்சு ஒட்டியிருப்பது தெரியும், எவ்வளவு குளித்தாலும் எங்கேயாவது ஒரு பொட்டுப் பஞ்சு இருக்கும் அவன் உடம்பில். கறுப்பு அட்டையைத் திறந்து நடுவில் படித்தாள். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முழுக்க. ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தை, சேர்ந்து நிற்கும்போது மட்டும் யாரோ அந்நிய வீட்டுக்காரர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. இது அதுதான். ஆனால் மாட்டுப் படம் போட்டதைத் திறந்தாலும் இரண்டாவது பக்கத்தில் ஒரு வார்த்தை புரியவில்லை, அப்போ இதுவும் அதுவா. புரியாததெல்லாம் அது என்றால் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டும் அதுதான். முன்னே பின்னே போவது என்றால் இந்த நாற்பத்தியோரு நாளும் அதுதான். காலையில் டீ போடும்போது இரண்டு டம்ளர் எடுக்கிறாள், அப்போது அவன் இருக்கிறான், ஒரு டம்ளரைத் திரும்பக் கவிழ்க்கும்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பால் பொங்கும்போது கல்யாணத்தில் வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் கேட்டுக்கொண்டிருக்கிறான். எந்த ஒழுங்கில் இதைச் சொல்வது. "ஏ கனி" என்று ஜன்னலில் குரல். வீட்டுக்காரக் கோமதியம்மா, கையில் முறத்தோடு. "எடைக்குப் போடப்போறதுல என்னத்தடி நல்லது கெட்டது பார்க்கிற? அரிசியா பொறுக்குற?" கனி எழுந்து நின்று, "ஜெயசீலன் சார் கொஞ்சம் கேட்டிருக்காக அத்தை, அதான்" என்றாள். "எதைக் கேட்டாரு?" சொல்ல வெட்கமாக இருந்தது. "பெரிய புத்தகமா கேட்டாரு." "அப்போ லேசு. உன் வீட்டுக்காரன் எதை வச்சுக்கிட்டுத் தலையைத் தலையைச் சொறிஞ்சானோ அதை எடுத்துக் கொடு. எதைப் படிக்கையில கூப்பிட்டாலும் காது கேக்கலையோ அதைக் கொடுக்காத, அதெல்லாம் கதைப் புத்தகம்" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரிக்கப் போனவள், செத்த வீடு என்பது நினைவு வந்தோ என்னவோ, முறத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கறுப்பு அட்டையை மூடும்போது உள்ளேயிருந்து ஒரு இழை தொங்கியது. நீலக் கலர் இழை, மில்லில் கழித்துப் போடுவது. அவளுக்குத் தெரிந்ததுதான், சட்டைப்பையிலிருந்து துவைக்கும்போதெல்லாம் நாலைந்து வரும், புத்தகத்தில் எதுவரைக்கும் படித்தானோ அங்கே ஒன்றைக் கிடத்துவான். படித்து முடித்தால் இழையை உருவிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதியும் ஷிப்டும் எழுதுவான், மில்லில் ஒரு வேலையை முடித்து அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும்போது எழுதுகிற மாதிரியே, தேதி போட்டு, ஒரு கோடு இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எந்த ஷிப்ட்டோ அது. கதவு மூக்கைத் திறந்தாள். அதிலும் இழை. மாட்டைத் திறந்தாள். இழை இல்லை, கடைசிப் பக்கத்தில் தேதி. கைவேகம் கூடியது. இழை உள்ளது இந்தப் பக்கம், தேதி உள்ளது அந்தப் பக்கம். பிரிக்கப் பிரிக்க ஆச்சரியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திரைக்கு அப்பால் எந்தெந்தப் பெயர் சத்தமாகக் கேட்குமோ, எந்தப் பெயருக்குச் சண்டை வந்து டீ ஆறிப்போகுமோ, அந்தப் பெயரெல்லாம் இழை பக்கமாகவே வந்து சேர்ந்தது. பத்தொன்பது புத்தகம். எல்லாம் தலைகாணி கனம். அப்பாடா என்று இருந்தது. ஆறாம் வகுப்புக்காரி யாரையும் கேட்காமல் பின்நவீனத்துவத்தைப் பிரித்துவிட்டாள். இழை இருந்தால் அது, இல்லாவிட்டால் இல்லை. நாற்பத்தியோரு நாளில் முதல் தடவையாக உதட்டோரம் லேசாக இழுத்தது, அவனிடம் சொன்னால் உருண்டு சிரிப்பான். அடுக்கி வைக்கும்போதுதான் இழை எங்கே கிடக்கிறது என்று பார்த்தாள். பதினோராம் பக்கம். அடுத்ததில் இருபத்து மூன்று. அடுத்ததில் ஒன்பது. அறுநூறு பக்கத்துப் புத்தகத்தில் பதினேழு. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள், விரல் எச்சிலில் ஒட்டியது. பத்தொன்பதிலும் இழை முன்னுரையைத் தாண்டி நாலைந்து பக்கத்தில் படுத்துக்கிடந்தது. கடைசிப் பக்கங்கள் துவைத்து மடித்த வேட்டி மாதிரி வெள்ளையாக இருந்தன. ஒன்றைக்கூட அவன் படிக்கவில்லை.

அந்தப் பக்கக் குவியலை இழுத்தாள். நாட்டார் கதை, யாரோ மலையேறிப் போன கதை, மாடு வாங்கிய கதை, கொலை செய்தவனைக் கண்டுபிடிக்கிற கதை. எல்லாவற்றிலும் தேதி, சிலவற்றில் இரண்டு தேதி, ஒன்றில் மூன்று. அதற்கும் அடியில் அவளுடைய மாத நாவல்கள் கிடந்தன. பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாதம் ஒன்று வாங்குவாள், அதை அந்த மாதம் முழுக்க எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பூபாலன் பார்க்கும்போதெல்லாம், "என்ன கனி, இந்தக் குப்பையை இன்னுமா படிச்சு முடிக்கல" என்று கேலி செய்வான், அவள் அட்டையை மடியில் மறைத்துக்கொள்வாள். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், ஏன் திருப்பினாளோ. தேதி, கோடு, மூன்று. அடுத்ததிலும். அவள் வாங்கிய அத்தனையையும் மூன்றாம் ஷிப்டுக்கு எடுத்துப்போய்ப் படித்திருக்கிறான், அவள் முடிக்கும் முன்னால். மருமகள் விஷம் வைத்தாளா இல்லையா என்று அவள் மூன்று வாரம் தவித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு முடிவு தெரியும். சாப்பாடு போட்டபடி அவள் யோசனையாக இருப்பதைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பானே, அது அதுதானா. சிரிப்பு வந்தது. அப்போ ஞாயிற்றுக்கிழமை கையை வீசி வீசிப் பேசியது? முன்னுரையை வைத்தா? பின்னட்டையை வைத்தா? சனிக்கிழமை மத்தியானங்களில் அவன் முகம் கறுத்துக் கிடக்கும், தலைகாணிப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுப்பான், நாலாவது நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போவான், எழுந்ததும் திடுக்கிட்டு மணி பார்ப்பான், பரீட்சைக்கு எழுந்த பிள்ளை மாதிரி. ஷிப்ட் அலுப்பு என்று நினைத்திருந்தாள். பயம். பன்னிரண்டாவது படித்துவிட்டு மில்லுக்குப் போனவன், காலேஜ் வாத்தியார்கள் மத்தியில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தான், அவர்களும், பார்த்தாயா எங்கள் பூபாலனை என்று அவனைப் போகிற ஊரெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்கள், இறங்க வழியில்லாமல் ஏறிக்கொண்டே போயிருக்கிறான். என்னிடம் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்ல என்ன, நான் ஒரு வார்த்தை நீளமாக வந்தாலே நின்றுவிடுகிறவள். என்னிடம்கூட வாத்தியார் மாதிரியே இருந்தானே. வேறு எதில் எல்லாம் அப்படி இருந்தான், உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்கமாட்டா கனி என்று சொன்னானே, அதை முழுக்கப் படித்துச் சொன்னானா, இல்லை முன்னுரையோடு சொன்னானா. என்னை எத்தனையாம் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கினான். அடுப்படியில் குழாய் சொட்டியது. மணி மூன்று ஐந்து. ஜெயசீலன் சார் வந்து இந்தப் பத்தொன்பதையும் மேசையில் பரப்புவார். நாலு பேர் எடுத்துப் புரட்டுவார்கள். ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும். அவனால் எழுந்துகூடப் போக முடியாது, செத்தவன் எங்கே எழுந்து போவான்.

பிரித்த சாமர்த்தியத்தில் அவன் மறைத்ததையெல்லாம் ஒரே அடுக்காக்கி வைத்திருக்கிறாள். கலைத்துவிடலாமா. மாட்டையும் மலையையும் கொடுத்து இதுதான் சார் என்று சொல்லலாமா. அவருக்குத் தெரியாதா, பெயர் பெயராகக் கேட்பார், எங்கே அது, எங்கே இது என்று. இல்லை, இவைதான் போக வேண்டும், போகும்போது படித்த புத்தகங்களாகப் போக வேண்டும். சட்டென்று கதவுகளைச் சாத்தினாள், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது போல. இழைகளை ஒவ்வொன்றாக உருவினாள். பத்தொன்பது இழை, நீலம், ரோஸ், வெள்ளை, உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது, எடை என்று ஒன்றுமே இல்லை. நடுப்பக்கங்களை வளைத்து, முதுகை அழுத்தி, மூலைகளைக் கட்டைவிரலால் தேய்த்தாள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல. இந்தப் பக்கங்களுக்கெல்லாம் இப்போதுதான் காற்றுப் படுகிறது. அலமாரித் தட்டில் அவன் பென்சில் கிடந்தது. நுனி கடித்த பென்சில். அவன் பல்லின் தடத்தில் அவள் விரல் போய் உட்கார்ந்தது. தேதி போட வேண்டும். என்ன தேதி? போன வருஷம் ஆவணி என்று யோசித்தாள், ஆவணியில் அவளுக்கு மசக்கை, அவன்தான் ரசம் வைத்தான், அதில் புளியே போடவில்லை, அன்றைக்குப் படித்தான் என்று எழுதினால் அந்த ரசம் பொய்யாகிவிடும். கார்த்திகை. கார்த்திகையில் வளைகாப்பு. மார்கழி முழுக்க மில்லில் ஆள் இல்லை, இரட்டை ஷிப்ட், வந்து விழுந்தால் செருப்பைக்கூட அவள்தான் கழற்றுவாள். பிள்ளை பிறந்த மாதம் கிடையவே கிடையாது, அந்த மாதம் அவன் தொட்டிலடியில் பாய் விரித்துப் படுத்தான், மூச்சு வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பதற்கு. எந்த நாளைத் தொட்டாலும் அவன் அந்த நாளில் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தான். படிக்காமல் போன நாட்களெல்லாம் அவள் ஆயுசில் வந்துதான் விழுந்திருக்கின்றன. ஒரு நாளைக்கூட எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை, ஆனால் மணி ஓடுகிறது. கடைசியில் கல்யாணத்துக்கு முந்திய வருஷங்களை எடுத்துக்கொண்டாள். அவள் அறியாத வருஷங்கள், அதில் அவன் என்ன வேண்டுமானாலும் படித்திருக்கட்டும். தேதி, கோடு, மூன்று. தேதி, கோடு, ஒன்று. அவன் மூன்றுக்கு வால் கொஞ்சம் உள்ளே வளையும், அதையும் வளைத்தாள். எழுத்துதான் அவளுக்கு வராது, எண் நன்றாகவே வந்தது. அறுநூறு பக்கத்துப் புத்தகத்துக்கு வந்தபோது தொட்டில் அசைந்தது, பிள்ளை சிணுங்கினாள், ஒரு காலால் தொட்டிலை ஆட்டியபடி யோசனை இல்லாமல் கை எழுதியது. பார்த்தாள். அவன் செத்த தேதி. இந்த நாற்பத்தியோரு நாளில் எத்தனை காகிதத்தில் எத்தனை கவுண்டரில் எழுதிக்கொடுத்த தேதி, கைக்கு அதுதான் பழக்கம். ரப்பர் கிடையாது. எச்சிலைத் தொட்டு முந்தானையால் தேய்த்தாள், தேதி போயிற்று, இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு ஈரத் திட்டு. அதன் பக்கத்திலேயே வேறு தேதி எழுதினாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அவள் கதவைத் திறந்தாள். ஜெயசீலன் சார் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தொட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை நடுவில் திரை இல்லை, அதைக் கழற்றி மூட்டைக்குள் வைத்தாகிவிட்டது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"எடுத்து வச்சிட்டீங்களா மதினி?"

அவள் அடுக்கைக் கைகாட்டினாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதுகு முதுகாகப் பெயரைப் படித்தார். தலையாட்டிக்கொண்டே வந்தார். "சரியா எடுத்திருக்கீங்க. ஒண்ணு விடல. எங்க டிபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கே இப்படிப் பிரிக்கத் தெரியாது" என்றார். அவளுக்குக் காது சுட்டது. பிறகு அவர் அந்த அறுநூறு பக்கத்தை உருவினார். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பூபாலனின் வழக்கம் அவருக்கும் தெரியும் என்பது அவள் யோசிக்காத ஒன்று. தேதியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த சாம்பல் திட்டின் மேல் விரலை வைத்தார். அவள் முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேர்வை" என்றார். "மில்லுல வச்சே படிச்சிருக்கான் பாருங்க. அந்தப் புழுக்கத்துல."



அவர் குத்துக்காலை விட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வேறொன்றை எடுத்துக் கடைசிப் பக்கம் பார்த்தார். இன்னொன்று. தேதி, தேதி, தேதி. ஆட்டோக்காரன் வெளியே ஒருமுறை ஹாரன் அடித்தான்.

"மதினி, ஒண்ணு கேட்கணும். யாருட்டயும் சொல்லாதீங்க" என்றார், அவளைப் பார்க்காமல். "இந்தப் பெரிய புத்தகத்தை நான் மூணு தடவை ஆரம்பிச்சேன். முப்பது பக்கம் தாண்டல. ஆனா ரெண்டு வருஷம் கிளாஸ்ல பாடம் எடுத்துட்டேன். இவன் எதிர்ல உட்கார்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள உதறும், பய படிச்சிட்டு வந்து எங்கேயாவது மடக்கிருவானோன்னு. ஒருநாளும் மடக்கல. தெரிஞ்சும் விட்டுட்டானோன்னு நினைப்பேன். நெஜமாவே முழுசா முடிச்சானா மதினி இதை?"

சண்முகக்கனிக்குத் தலை கிறுகிறுத்தது. இரண்டு பேரும். எதிரெதிரே உட்கார்ந்து, டீ ஆற, ஒருத்தருக்கொருத்தர் பயந்துகொண்டு, இரண்டு பேரும். இல்லை சார், அவுகளும் உங்களை மாதிரித்தான், பதினேழாம் பக்கத்தில் இழை கிடந்தது, நான்தான் இப்போது உருவினேன் என்று சொல்லலாம். சொன்னால் இந்த மனுஷர் சிரிப்பார், அவரோடு சேர்ந்து அவளும் சிரிக்கலாம், அழலாம், வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைச் சொல்லலாம், மாத நாவலைச் சொல்லலாம், பூபாலனைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைக்கும். வார்த்தை நாக்கு வரை வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேசை கண்முன் நின்றது. இவர் நல்லவர், இன்றைக்கு யாரிடமும் சொல்லமாட்டார். அடுத்த வருஷம்? ஒருநாள் சிரித்துப் பேசும்போது? நம்ம பூபாலன் இருந்தானே என்று தொடங்கி?

"முடிச்சாக சார்" என்றாள். குரல் கணீரென்று வந்தது, அது அவளுக்கே புதிதாக இருந்தது. "எல்லாத்தையும் முடிச்சாக."

"எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது சொன்னானா?"

"முடிவுன்னு ஒண்ணும் இல்லைன்னு சொன்னாக."

ஜெயசீலன் சார் மெதுவாகத் தலையாட்டினார். "அதான். அதான் அதுல விஷயமே" என்றார். புத்தகத்தை மூடினார். அப்போது அவர் முகத்தில் வந்ததை அவள் பார்த்தாள். துக்கம் இல்லை அது. நாற்பத்தியோரு நாளாக எத்தனையோ முகத்தில் துக்கம் பார்த்தாகிவிட்டது, அது அவளுக்குத் தெரியும். இது பொறாமை. செத்துப்போனவன் மேல் பொறாமை. ஒரு கணம் அவளுக்குள் ஏதோ ஓங்கி எழுந்தது, பார்த்தீர்களா எங்க வீட்டு ஆளை என்று. அவர் பத்தொன்பதையும் மூன்று நடையாக ஆட்டோவில் கொண்டுபோய் வைத்தார். படியில் நின்று கும்பிட்டார். இதுவரைக்கும் அவளைக் கும்பிட்டதில்லை. ஆட்டோ தெருமுனையில் திரும்பியது.

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள். மீதிக் குவியல் சுவரோரம் கிடந்தது, தேதி போட்டவை, நிஜத் தேதி. காலையில் பழைய பேப்பர்காரர் சாக்கோடு வருவார். பிள்ளை எழுந்து தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள், அவன் கண். அந்தப் பிள்ளை பெரிசாகும், காலேஜுக்குப் போனாலும் போகும், அங்கே ஒரு அலமாரி முன்னால் நின்று அப்பாவின் பெயரைப் படிக்கும், யாராவது சொல்வார்கள், உங்கப்பா இதெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்று. அம்மா, அப்படியா என்று வந்து கேட்கும். ஆமா என்றுதான் சொல்ல வேண்டும். இனி எப்போதும் ஆமாதான். புத்தகங்களோடு ஆட்டோவில் போன பூபாலனை ஊருக்கே தெரியும், அவனுக்காக ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் மைக் பிடித்து அழுவார்கள். நாலு பக்கம் படிப்பதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போய், திடுக்கிட்டு எழுந்து மணி பார்க்கிறவனை யாருக்கும் தெரியாது, அவனைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஒருத்தரிடமும் இப்போதுதான் அப்படி ஒருவன் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. யாரிடம் போய், எந்தப் பூபாலனைச் சொல்லி அழுவது என்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.